ரொட்டிக்கு முத்தம் குடுத்த ராஜா

ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தான். நம்ம பக்கத்து ராஜா இல்ல. வடக்க போயி, இமயமலையத் தாண்டி, அதுக்கும் அந்தாண்ட போனா ருஷ்ய தேசம்னு ஒண்ணு இருக்கு, அங்க. வருஷத்துல பாதி நாள் பனி கொட்டும். குளிர்னா குளிர், அப்படி ஒரு குளிர், தும்முனா தும்மலே உறைஞ்சு கீழ விழும். சிரிக்காத, பொய்யின்னா நீ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு. மொதல்ல இந்தக் கவளத்த முழுங்கு.

அந்த ராஜா பேரு மித்ரோபான். நல்லவன்னா நல்லவன், அப்படி ஒரு நல்லவன். ஒரு கோழி குறுக்க வந்துட்டா குதிர வண்டிய நிறுத்தி, அது தாண்டிப் போறவரைக்கும் காத்துக்கிட்டு இருப்பான். சமையக்காரன் சூப்புல உப்பு போட மறந்துட்டா, 'பாவம், அவனுக்கு வீட்டுல என்ன கஷ்டமோ'ன்னு சத்தமில்லாம குடிச்சிடுவான். அவனுக்கு ஒரே ஒரு ஆசதான். அந்த ஊர்ல சனங்க ராஜாவ ராஜான்னு கூப்பிட மாட்டாங்க, 'அப்பா'ன்னுதான் கூப்பிடுவாங்க. தன்ன எல்லாரும் வாய் நெறைய அப்பான்னு கூப்பிடணும், சாகுற வரைக்கும் கூப்பிடணும். அது ஒண்ணுதான் அவன் சாமிகிட்ட வேண்டிக்கிட்டது.

அவங்க வம்சம் ராஜ வம்சம் ஆனதே ஒரு ரொட்டியாலதான். ஆதியில அந்தத் தேசத்துக்கு ராஜாவே கெடையாது, ஆளாளுக்கு அடிச்சுக்கிட்டுக் கெடந்தாங்க. அப்புறம் சனங்க எல்லாம் கூடிப் பேசி, மித்ரோபானோட பாட்டனுக்குப் பாட்டன் ஒருத்தன், மரம் வெட்டிக்கிட்டு இருந்தவன், நாலு பேரு பேச்சப் பொறுமையா கேக்குறவன், அவனப் புடிச்சாங்க. பூ வேலை செஞ்ச வெள்ளத் துண்ட விரிச்சு, அது மேல ஒரு பெரிய கறுப்பு ரொட்டி, ரொட்டி நடுவுல குழி பண்ணி அதுல கல்லுப்பு. அங்க விளையுற தானியம் ரை. நம்ம கேழ்வரகுக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சின்னு வெச்சுக்கோயேன். "எங்க ரொட்டியத் தின்னு, எங்க பேச்சக் கேளு, இனிமே நீதான் எங்களுக்கு அப்பா"ன்னு நீட்டுனாங்க. அவனும் ஒரு துண்டு பிச்சு, உப்பத் தொட்டு, நல்லா மென்னு தின்னுட்டு, மீசையத் தொடச்சுக்கிட்டு, "ம், இப்பச் சொல்லுங்க"ன்னான். அவ்வளவுதான் பட்டாபிஷேகம்.

அன்னைலருந்து அதான் வழக்கம். வருஷா வருஷம் பனி உருகுனதும் ராஜா ஊர் ஊரா வருவான், ஊர் எல்லையில ரொட்டியும் உப்பும் வரும், ராஜா பிச்சுத் தின்னதும் சனங்க வாயத் தொறந்து மனசுல உள்ளதச் சொல்லுவாங்க. ராஜா தின்னாத வரைக்கும் ஒருத்தரும் ஒரு சொல்லு சொல்லப்படாது. உப்பத் தொடாத ராஜாகிட்ட வாயத் தொறந்தா ஊருக்கே ஆகாதுன்னு அவங்களுக்கு ஒரு பயம். அதே மாதிரி, எந்த வருஷம் ரொட்டி வரலையோ அந்த வருஷத்தோட அவன் ராஜாவும் இல்ல, அப்பாவும் இல்ல.

இதெல்லாம் மித்ரோபானுக்குத் தெரியாதான்னு கேளு. பாதி தெரியும், பாதி தெரியாது. சின்னதுலருந்து நெஞ்சுச்சளிக்காரன்னு சொல்லி அரமனைய விட்டு வெளியிலேயே விடாம வளத்துட்டாங்க. ரொட்டி குடுப்பாங்கன்னு தெரியும், தின்னாத்தான் பேசுவாங்கன்னு தெரியாது. அவங்கப்பன் சாகுறப்போ அவன் கையப் புடிச்சு, "டேய், ரொட்டியத் தின்னு"ன்னான். அதுக்கு மேல மூச்சு வரல. மறுபடியும், "ரொட்டியத் தின்னுடா"ன்னான். இவன் என்ன பண்ணான் தெரியுமா? அப்பாவுக்குப் பசிக்குது போலன்னு சமையக்கட்டுக்கு ஓடிப் போயி ஒரு ரொட்டி எடுத்துட்டு வந்தான். வந்து பாத்தா அப்பன் போய்ச் சேந்துட்டான். "ஐயோ, பசியோட போயிட்டாரே"ன்னு அதுக்கும் அழுதான். நல்ல மனசுதான். மனசு மட்டும் இருந்தா என்ன பண்றது.

சரி, அந்த வருஷம் பனி உருகுச்சு, புது ராஜா ஊர் பாக்கக் கெளம்புனான். கூடவே களஞ்சிய மந்திரி குஸ்மா. தேசத்துத் தானியம் பூரா அவன் பொறுப்பு. தொந்தி முன்னாடி வரும், தாடி அது பின்னாடி வரும், கடேசியாத்தான் ஆளு வருவான். அப்படி ஒரு உடம்பு. எல்லாரையும் கண்ணுல விரல விட்டு ஆட்டுறவன்.

மொத ஊரு எல்லையில உஸ்தீனான்னு ஒரு பொம்பள ரொட்டியோட நிக்குறா. அந்த ஊர்ல அவ சுட்டாத்தான் ரொட்டி. கன்னம் ஒட்டிப் போயிருக்கு, காலுக்கிட்ட ஒரு கைக்குழந்த தவழுது, அந்தக் குழந்த கண்ண எடுக்காம ரொட்டியவே பாக்குது. ராஜாவுக்கு மனசு பதறிப் போச்சு. 'இந்த ஏழைங்க ரொட்டிய நான் தின்னு என்ன ஆகப் போவுது? நான் அரமனையில வாத்துக்கறி தின்னுட்டுத்தான வந்தேன்'னு நெனச்சு, ரொட்டிய ரெண்டு கையால வாங்கி, கண்ணுல ஒத்திக்கிட்டு, அதுக்கு ஒரு முத்தம் குடுத்து, "இந்தா தாயி, பிள்ளைக்கிக் குடு"ன்னு திருப்பிக் குடுத்துட்டான்.

ஊரே கப்சிப். உஸ்தீனா வாயத் தொறந்தா, மூடுனா. சனங்க கண்ணெல்லாம் தண்ணி.

"ஏன்யா குஸ்மா, யாரும் ஒண்ணும் பேச மாட்டேங்குறாங்க?"ன்னான் ராஜா.

குஸ்மாவுக்கு வழக்கம் தெரியும். தலைகீழாத் தெரியும். ஆனா அவன் என்ன சொன்னான்? "மகாராஜா, அவங்களுக்குக் குறையே இல்ல. சந்தோஷத்துல வாயடைச்சுப் போயி நிக்குறாங்க"ன்னான். ராஜாவுக்கு வயித்துல பால வாத்த மாதிரி இருந்துச்சு. அடுத்த ஊர்லயும் முத்தம், அதுக்கடுத்த ஊர்லயும் முத்தம். ஒரு ஊர்லயும் ஒருத்தரும் வாயத் தொறக்கல.

அவன் வண்டி அந்தப் பக்கம் திரும்புனதும் குஸ்மா ஆளுங்க இந்தப் பக்கம் வந்துட்டாங்க. "ராஜா உத்தரவு, பாதி தானியத்த அளந்து போடு"ன்னாங்க. ராஜாவாவது உத்தரவாவது. மூட்ட மூட்டையா ஏத்திக்கிட்டுப் போயி, குஸ்மா அதுல பாதிய வெளிநாட்டுக் கப்பல்காரனுக்கு வித்தான், பாதியத் தன் களஞ்சியத்துல அடுக்குனான். யாருகிட்ட போயிச் சொல்றது? ராஜாவே ரொட்டியத் திருப்பிக் குடுத்துட்டுப் போயிட்டானே. 'நம்ம பேச்சக் கேக்க அவனுக்கு இஷ்டமில்ல, அதான் வேணும்னே தின்னல'ன்னு சனங்க முடிவு பண்ணிட்டாங்க. இவன் இரக்கப்பட்டு முத்தம் குடுத்தது அவங்களுக்கு மூஞ்சில அடிச்ச மாதிரி ஆயிப்போச்சு. அங்க ராஜா மெத்தையில படுத்துக்கிட்டு, 'என் சனங்களுக்கு ஒரு குறையும் இல்ல'ன்னு சிரிச்சுக்கிட்டுக் கெடக்கான். எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வரும், இந்த எடத்துக்கு வந்தா.

ம், வாயத் தொற.

ரெண்டாவது வருஷம் பனி உருகுச்சு. மறுபடியும் ஊர் எல்லை, மறுபடியும் உஸ்தீனா, மறுபடியும் ரொட்டி. மாவு பத்தலையா, மரப்பட்டைய இடிச்சுக் கலந்திருந்தாங்க. ராஜா முத்தம் குடுத்தான், மீசையில மரச்சிலாம்பு ஒண்ணு குத்திக்கிச்சு.

"ஏன்யா குஸ்மா, ரொட்டி முள்ளு மாதிரி குத்துதே?"

"அது புதுசா வந்திருக்குற வாசனச் சாமான், மகாராஜா. பெரிய பணக்காரங்க ஊர்லதான் போடுவாங்க."

"அப்படியா! என் சனங்க அவ்வளவு வசதியாவா இருக்காங்க!"ன்னு ராஜாவுக்குத் தலைகால் புரியல. ரொட்டியத் திருப்பிக் குடுத்துட்டான். சனங்க பேசல. வண்டி திரும்புச்சு, குஸ்மா ஆளுங்க வந்தாங்க, மிச்சத்துலயும் பாதிய ஏத்திக்கிட்டுப் போனாங்க.

மூணாவது வருஷம் பனி உருகுச்சு. மறுபடியும் ஊர் எல்லை, மறுபடியும் உஸ்தீனா, மறுபடியும் ரொட்டி. இந்தத் தடவ அது ரொட்டியே இல்ல. வைக்கோலும் களிமண்ணும், ஒப்புக்கு ஒரு புடி மாவும். செங்கல்லு மாதிரி கனக்குது. ராஜா முத்தம் குடுத்தான், உதடு சில்லுன்னுச்சு. திருப்பிக் குடுக்கப் போனான். உஸ்தீனா வாங்க மாட்டேங்குறா. அவன் இந்தப் பக்கம் தள்ளுறான், அவ அந்தப் பக்கம் தள்ளுறா. பேச முடியாதே, அதனால வாயத் தொறந்து காட்டுறா, வெறும் வாய மென்னு காட்டுறா, தாடையத் தட்டிக் காட்டுறா. தின்னுய்யா, தின்னுய்யா, ஒரு வாய் தின்னுத் தொலையேன்யான்னு கண்ணாலயே கெஞ்சுறா.

ராஜா உத்து உத்துப் பாத்தான். அவனுக்குப் புரிஞ்சிருச்சு. அதாவது, புரிஞ்சிருச்சுன்னு நெனச்சுக்கிட்டான்.

"அடப் பாவமே, பல்லு வலி! இவ்வளவு வலியிலயும் எனக்காக வந்து நிக்குறாளே!"

தன் தோல் கையுறையக் கழட்டி அவ கையில மாட்டிவிட்டு, அரமனையில பல்லு புடுங்குறவன் ஒருத்தன் இருந்தான், அவன உடனே அனுப்பி வெச்சான். அவன் வந்தான். "ராஜா உத்தரவு, வாயக் காட்டு"ன்னான். உஸ்தீனா வேண்டாம் வேண்டாம்னு கத்துறா, கூட வந்த ரெண்டு பேரு தோளப் புடிச்சுக்கிட்டாங்க, அவன் கல்லு மாதிரி இருந்த நல்ல கடவாப் பல்லப் புடுங்கிட்டுப் போயிட்டான். சிரிங்க, சிரிங்க. அவளுக்கு வலிச்சுச்சுல்ல?

அந்தப் பல்லோட எல்லாம் முடிஞ்சு போச்சு. கன்னம் வீங்கி உக்காந்திருந்தவ எந்திரிச்சா, பொட்டியத் தொறந்து பூ வேலை செஞ்ச அந்த வெள்ளத் துண்ட எடுத்து உதறுனா, ரெண்டு கையிலயும் விரிச்சுப் புடிச்சுக்கிட்டு நடந்தா. அவ பின்னாடி அந்த ஊரே நடந்துச்சு. போற வழியில இன்னொரு ஊரு சேந்துக்கிச்சு, அப்புறம் இன்னொரு ஊரு. எல்லாருமா அரமன வாசல்ல வந்து நின்னாங்க. கத்தல, கல்லெறியல. ஊருக்கு ஒரு துண்டு, அவ்வளவுதான்.

குஸ்மா சன்னல் வழியா எட்டிப் பாத்தான். வெறுந்துண்டப் பாத்ததும் ராஜாகிட்ட ஓடுனான். "மகாராஜா, கலகம்! சவுக்கால அடிச்சு வெரட்டச் சொல்லுங்க!"ன்னான்.

"என்னது, என் பிள்ளைங்களையா? என்னப் பாக்க ஆசையா வந்திருக்காங்க"ன்னு சொல்லிட்டு, ராஜா கிரீடத்தச் சரி பண்ணிக்கிட்டு, சிரிச்ச மொகமா படியிறங்கி வந்தான். வந்து, பழக்க தோஷம், ரொட்டி வாங்க ரெண்டு கையையும் நீட்டுனான்.

துண்டு விரிச்சிருக்கு. துண்டு மேல ஒண்ணுமில்ல.

பக்கத்துத் துண்டப் பாத்தான். அதுலயும் இல்ல. அதுக்குப் பக்கத்துல பாத்தான். எங்கயும் இல்ல. நீட்டுன கைய மடக்கவும் தோணாம நின்னுட்டான். ரொட்டி வராட்டி என்ன அர்த்தம்னு, அது மட்டும் அவனுக்குத் தெரியும். அரமனையில பொறந்த பிள்ளைக்கு அததான மொதல்ல சொல்லிக் குடுப்பாங்க.

"ஐயா"ன்னா உஸ்தீனா.

கேட்டியா? அப்பான்னு கூப்பிடல. ஐயான்னா. வழியில போற யாரோ ஒரு ஆளக் கூப்பிடுற மாதிரி.

"ரொட்டி இல்ல. அதனால இன்னையோட நீ ராஜா இல்ல. ராஜா இல்லாதவன்கிட்ட யாரு வேணா பேசலாம். இப்பப் பேசுறேன், கேளு"ன்னா. மூணு வருஷமா தொண்டையில அடைச்சு நின்னதெல்லாம் மள மளன்னு கொட்டுனா. தானியம் போனது, மரப்பட்டையத் தின்னது, களிமண்ணத் தின்னது, மாடு செத்தது, பக்கத்து வீட்டுக் கிழவனும் செத்துப் போனது. கடேசியா, "எங்க பேச்சக் கேக்கப் புடிக்கலைன்னா வராமலே இருந்திருக்கலாமே. மூணு வருஷம் வந்து வந்து எங்க வாய அடைச்சுட்டுப் போனியே"ன்னா.

"நான்... நான் தின்னா உங்களுக்குக் கொறஞ்சு போயிருமேன்னுதான் தாயி..."ன்னான் அவன். "பேசணும்னு இருந்தா நீங்களே பேசுவீங்கன்னு நெனச்சேன். தின்னாத்தான் பேசுவீங்கன்னு எனக்கு யாரும் சொல்லலையே..."

சொல்லும்போதே அவங்கப்பன் கடேசி மூச்சு ஞாபகம் வந்துருச்சு. ரொட்டியத் தின்னுடா, ரொட்டியத் தின்னுடா. அவன் பசியில சொல்லல. அப்படியே படியில உக்காந்து, தலையில அடிச்சுக்கிட்டு அழுதான். பெரிய மனுஷன் ஒருத்தன் அப்படி அழுது நீ பாத்திருக்க மாட்ட.

அழுது முடிச்சு, "அந்த ரொட்டிய ஒரு வாய் குடு"ன்னான். உஸ்தீனா மடியிலருந்து காஞ்ச களிமண் ரொட்டித் துண்டு ஒண்ண எடுத்துக் குடுத்தா. "உப்பு?"ன்னான். "உப்பும் உன் மந்திரி வண்டியிலதான் போச்சு"ன்னா. உப்பில்லாமலே கடிச்சான். கடக்குன்னு ஒரு சத்தம். என்னான்னு பாத்தா, அவன் கடவாப் பல்லு! உஸ்தீனாவுக்கு எந்தப் பல்லு போச்சோ அதே பல்லு. அந்த வேதனையிலயும் சனங்களுக்குச் சிரிப்பு வந்துருச்சு, உஸ்தீனாவுக்கே வந்துருச்சு.

பல்லத் துப்பிட்டு, மிச்சத்த மென்னு முழுங்கிட்டு, "தின்னுட்டேன். இப்ப அப்பான்னு கூப்பிடுவீங்களா?"ன்னு கேட்டான்.

உஸ்தீனாவுக்கும் அவன் மேல இரக்கமாத்தான் இருந்துச்சு. "நேரம் போயிருச்சுய்யா"ன்னா.

சேனாபதி ஓடி வந்து காதுல, "ஒரு வார்த்த சொல்லுங்க, எல்லாரையும் வெரட்டிடுறேன்"ன்னான். மித்ரோபான் வேண்டாம்னு தலைய ஆட்டுனான். "அப்பனா இருந்தா பிள்ளைங்கள அடிக்கச் சொல்ல மாட்டேன். இப்ப அப்பனும் இல்ல, அடிக்க எனக்கு என்ன பாத்தியத?"ன்னான். கிரீடத்தக் கழட்டி, உஸ்தீனா விரிச்சிருந்த துண்டு மேல வெச்சான். அதோட சரி. மரம் வெட்டிகிட்ட ஆரம்பிச்ச அந்த வம்சத்துல அதுக்கப்புறம் யாரும் கிரீடம் வெக்கல.

குஸ்மா என்ன ஆனான்? அவனை விட்டுடுவேனா! பின்வாசல் வழியா வண்டியில தானிய மூட்டைய ஏத்திக்கிட்டு ஓடுனான். வழியில ஆறு. மேல மட்டும் இன்னும் பனிக்கட்டி, ஆனா வெயில் ஏற ஆரம்பிச்சிருச்சா, கட்டி இளகிக் கெடக்கு. கரையிலருந்து சனங்க, "மூட்டையத் தள்ளுடா, பாரம் தாங்காது!"ன்னு கத்துறாங்க. தள்ளல. "தள்ளுடா!"ங்குறாங்க. தள்ளல. "டேய், தள்ளித் தொலைடா!"ங்குறாங்க. மூட்டையக் கட்டிப் புடிச்சுக்கிட்டான். படார்! வண்டி போச்சு, மூட்ட போச்சு, தாடி மட்டும் மேல மெதக்குது. அந்தத் தாடியப் புடிச்சு இழுத்துத்தான் கரையில போட்டாங்க.

அவன் களஞ்சியத்தத் தொறந்து ஊர் ஊருக்கு விதைக்கும் சோத்துக்கும் பங்கு வெச்சாங்க. அவனுக்குத் தண்டனை என்ன தெரியுமா? வீடு வீடா போவணும். மரப்பட்ட ரொட்டி, களிமண் ரொட்டி, எந்த வீட்டுல எது மிச்சம் இருக்கோ அதத் தின்னணும். தின்னுட்டு அந்த வீட்டுல உள்ளவங்க சொல்றத எல்லாம் உக்காந்து கேக்கணும். பதிலுக்கு ஒரு சொல்லு பேசப்படாது. தேசம்னா சின்ன தேசமா அது? தொந்தியும் போச்சு, தாடியும் கொட்டிப் போச்சு, அப்பவும் பாதி வீடு பாக்கி இருந்துச்சாம்.

மித்ரோபான எங்க போகச் சொல்றதுன்னு சனங்களுக்குத் தெரியல. அவனுக்கு ஒரு வேலையும் வராது. ஒண்ணே ஒண்ணு, பாட்டன் ரத்தம், கோடாலியக் குடுத்தா மரத்த நல்லாப் பொளந்தான். உஸ்தீனா ஊரு ஓரத்துல ஒரு மரவீடு குடுத்தாங்க. ஊருக்கெல்லாம் வெறகு பொளந்து குடுத்துக்கிட்டு, ஒருத்தர் மூஞ்சியையும் நிமுந்து பாக்க வெக்கப்பட்டுக்கிட்டுக் கெடந்தான்.

அறுப்பு வந்துச்சு. புது ரை, புது மாவு. ஊரே கமகமன்னு மணக்குது. ஒரு நாள் அவன் வெறகு பொளந்துக்கிட்டு இருக்கான், "ஏ மித்ரோபான்!"னு ஒரு கொரலு. திரும்புனா உஸ்தீனா. கையில வெள்ளத் துண்டு, துண்டு மேல சுடச்சுட ரொட்டி, நடுவுல உப்பு.

அவன் கோடாலியக் கீழ வெச்சான். "நான் இப்ப ராஜா இல்லையே"ன்னான்.

"ராஜாவுக்கு யாரு கொண்டாந்தா? வெறகு பொளந்து போட்டல்ல, அதுக்கு"ன்னா.

ரெண்டு கையாலயும் வாங்குனான். பழக்கம் பாரு, கண்ணுல ஒத்திக்கிட்டான், முத்தம் குடுக்க வாய்கிட்ட கொண்டு போனான். உஸ்தீனா இடுப்புல கைய வெச்சுக்கிட்டு மொறச்சா. சட்டுன்னு நிறுத்திட்டான். ஒரு பெரிய துண்டாப் பிச்சு, உப்பத் தொட்டு, இருக்குற பல்லு பக்கமாத் தள்ளி, மென்னு மென்னு தின்னான். மீசையத் தொடச்சுக்கிட்டு, "ம், இப்பச் சொல்லு"ன்னான்.

அவ்வளவுதான், வெறகுக்கட்ட மேல உக்காந்தா உஸ்தீனா. புருஷன் குறட்டையில ஆரம்பிச்சா, பசு ஒதைக்கிறதச் சொன்னா, நாத்தனாரச் சொன்னா, புடுங்குன பல்லப் பத்தி மூணு தடவ சொன்னா. பொழுது சாஞ்சு போச்சு. மித்ரோபான் ஒரு தடவ கூட குறுக்க பேசல. கேட்டுக்கிட்டே ரொட்டியத் தின்னான், தின்னுக்கிட்டே கேட்டான். ராஜாவா இருந்தப்போ ஒரு நாள் கூட அவனுக்கு அப்படி வயிறு நெறஞ்சதில்லையாம்.

அதனால பிள்ளைங்களா, ஒருத்தர் ஒண்ணு குடுத்தா நல்லாயிருக்குன்னு முத்தம் குடுத்துத் திருப்பிக் குடுக்காதீங்க, தின்னு பாருங்க. தின்னுட்டு, என்னா சேதின்னு கேளுங்க. ரொட்டியும் தீந்துச்சு, உப்பும் தீந்துச்சு, ராஜா கதையும் தீந்துச்சு. தட்டுல சோத்த மிச்சம் வெச்சவன் எவன்டா, அவன் அதத் தின்னுட்டு வந்து என் சொந்தக் கதையக் கேக்கட்டும், அத நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல.